அறிக்கைகள் வந்தன, ஆள் வந்தாரா?

ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்ததும் ஒன்பதாம் வகுப்பில் பெயர் கூப்பிடுகிறார்கள். எல்லாப் பெயருக்கும் பதில் வருகிறது. பொங்கல் கழிந்து கூப்பிடும்போது சில பெயர்களுக்குப் பதில் இல்லை. "வரலை, சார்" என்கிறது பக்கத்துப் பெஞ்சு. பதிவேட்டில் ஒரு கோடு விழுகிறது. இன்னும் சில வாரங்களில் அந்தப் பெயரே மறைந்துபோகிறது.

மறைந்துபோகிற பெயர் யாருடையது? மில் முதலாளியின் மகனுடையதா? நூறு ஏக்கர்காரரின் மகளுடையதா? ஒருநாளும் இல்லை! நாற்று நடப் போகிற தாயின் மகளுடையது அது. இரவு ஷிப்டு முடித்துக் கண் எரிய வீடு திரும்புகிற தகப்பனின் மகனுடையது அது. நம் பிள்ளைகளின் பெயர்.

அந்தப் பிள்ளை ஏன் வரவில்லை என்று விசாரிப்பது யார் வேலை? பசியா, நோயா, பயமா, அவமானமா என்று கேட்டறிந்து, அதற்குத் தக்கபடி ஏற்பாடு செய்வது யார் வேலை? பரீட்சை நடத்த ஆள் இருக்கிறது. மார்க்கு கூட்ட ஆள் இருக்கிறது. தேர்ச்சி விகிதம் குறைந்தால் தலைமையாசிரியரைக் கூப்பிட்டு மிரட்டவும் ஆள் இருக்கிறது. பிள்ளையைப் பார்த்துக்கொள்ளச் சம்பளம் கொடுத்துச் சர்க்கார் நியமித்த ஆள் யார்? இந்த ஒரு கேள்வியைத்தான் நாம் இங்கே கேட்கிறோம். பதில் வருகிற வரைக்கும் கேட்டுக்கொண்டே இருப்போம்.

பிரம்பு வைத்தியம்

பெரிய மனிதர்கள் வேறு மருந்து வைத்திருக்கிறார்கள். "இந்தக் காலத்துப் பிள்ளைகள் கெட்டுவிட்டார்கள். கையில் செல்போன், பையில் கத்தி. வாத்தியாரிடமிருந்து பிரம்பைப் பிடுங்கியதால் வந்த வினை இது. பிரம்பைத் திருப்பிக் கொடுங்கள், எல்லாம் சரியாகிவிடும்" என்கிறார்கள். டீக்கடையிலும் இதே பேச்சு, மேடையிலும் இதே பேச்சு.

2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, பிள்ளையின் உடம்பை வருத்தும் தண்டனையும் மனத்தை வருத்தும் கொடுமையும் கூடாது என்று தடுத்திருக்கிறது. நல்ல சட்டம். ஏன் நல்லது என்று நம் பெரியவர்களைக் கேளுங்கள். பிரம்பு கொடிகட்டிப் பறந்த காலத்தில் அடி யார் முதுகில் விழுந்தது? சம்பளம் கட்டாதவன் முதுகில், கிழிந்த சட்டைக்காரன் முதுகில், சேரியிலிருந்து வந்தவன் முதுகில்! அந்த அடிக்குப் பயந்து மாடு மேய்க்கப் போனவர்கள்தாம் இன்று இந்தப் பத்திரிகையைப் பக்கத்தில் இருப்பவர் படிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

ஆனால் ஒன்று உண்டு. சட்டம் பாதி வேலையைத்தான் செய்தது. பிரம்பைக் கீழே போடு என்றது. பிரம்பு இருந்த இடத்தில் எதை வைப்பது என்பதற்குச் சர்க்கார் ஒரு ஏற்பாடும் செய்யவில்லை. வகுப்பில் தூங்குகிறவனை அடிக்காதே, சரி. அவன் ஏன் தூங்குகிறான் என்று கேட்க ஆள் வேண்டாமா?

தூங்குகிற பிள்ளையின் கணக்கு

தூங்குகிற பிள்ளைக்கு ஒரு கணக்கு இருக்கிறது. நடவு நாளில் தாய் விடியுமுன்னே வயலுக்குப் போய்விடுகிறாள். பதினான்கு வயசுப் பெண் எழுந்து தண்ணீர் பிடித்து, அடுப்பு மூட்டி, தம்பி தங்கையை அனுப்பிவிட்டு, இரண்டு மைல் போய் பஸ்ஸைப் பிடிக்கிறாள். முகூர்த்த மாதத்தில் பையன் கல்யாண மண்டபத்தில் பந்தி பரிமாறிவிட்டு நடுநிசிக்கு மேல் வந்து படுக்கிறான். இன்னொரு பிள்ளையின் தகப்பன் குடித்துவிட்டு வந்து ரகளை செய்ததால், அது இரவு முழுதும் பக்கத்து வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தது. மூன்று பேரும் கணக்குப் பாடத்தில் தூங்குகிறார்கள். மூன்று தூக்கமும் ஒன்றா? மூன்றுக்கும் ஒரே மருந்தா?

பசியை எடுத்துக்கொள்ளுவோம். 1956இல் காமராஜர் காலத்தில் மதிய உணவு வந்தது. 1982இல் சத்துணவுத் திட்டம் வந்தது. பிறகு பத்தாம் வகுப்பு வரை நீண்டது. 2022 செப்டம்பரில் மதுரையில் காலை உணவுத் திட்டம் தொடங்கினார்கள். ஏழைப் பிள்ளைக்கு நன்மை செய்த திட்டங்கள் இவை. இல்லை என்று நாம் சொல்லவில்லை. ஆனால் காலை உணவு ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை என்று தொடங்கியது. 2025 ஆகஸ்டில் நகரத்து உதவி பெறும் பள்ளிகளுக்கும் நீட்டினார்கள்; அப்போதும் ஐந்தாம் வகுப்போடுதான் நிறுத்தினார்கள். ஆறாம் வகுப்புக்குப் போனால் பிள்ளைக்குக் காலையில் பசிக்காதா? பத்தாம் வகுப்புத் தாண்டினால் மத்தியானமும் பசிக்காதா? எலும்பு வளருகிற வயசில்தான் பசி அதிகம் என்பது நம் வீட்டுத் தாய்மார் அத்தனை பேருக்கும் தெரியும். திட்டம் போட்டவர்களுக்கு மட்டும் தெரியவில்லை!

ஹாஸ்டல் பிள்ளைகளின் கதை இதைவிடக் கசப்பு. ஆதிதிராவிடர் நல விடுதி முதலான சர்க்கார் விடுதிகளில் பள்ளி மாணவருக்கான மாத உணவுப் படியை 2023இல் 1,000 ரூபாயிலிருந்து 1,400 ரூபாயாக உயர்த்தினார்கள். உயர்த்திய பிறகு வந்த கணக்கைப் பாருங்கள். முப்பது நாளுக்கு வகுத்தால் நாளுக்கு 47 ரூபாய்கூட இல்லை. மூன்று வேளைக்கு வகுத்தால் வேளைக்கு 16 ரூபாய்கூட இல்லை. உங்கள் மில் வாசல் கடையில் ஒரு டீயும் ஒரு வடையும் தின்றால் என்ன ஆகிறது? 2025 ஜூலையில் அந்த விடுதிகளுக்குச் 'சமூகநீதி விடுதி' என்று பெயர் மாற்றினார்கள். பெயர் நன்றாகத்தான் இருக்கிறது. பெயரைத் தட்டில் போட்டுப் பிசைந்து தின்ன முடியுமா?

பதினான்கு வயசில் இரண்டு கதவுகள்

பிள்ளைகள் ஏன் குறிப்பாக ஒன்பதாம் வகுப்பில் உதிர்கிறார்கள்? சட்டப் புத்தகத்தைப் புரட்டினால் விடை கிடைக்கிறது.

கல்வி உரிமைச் சட்டம் ஆறு வயது முதல் பதினான்கு வயது வரைதான். எட்டாம் வகுப்பு வரை பிள்ளையைப் பள்ளிக்குக் கொண்டுவந்து படிப்பை முடிக்க வைப்பது சர்க்காரின் கடமை என்று அது சொல்லுகிறது. அதற்கு மேல் கடமை இல்லை. குழந்தைத் தொழிலாளர் சட்டத்தில் 2016இல் ஒரு திருத்தம் கொண்டுவந்தார்கள். பதினான்கு வயதுக்குக் கீழே வேலைக்கு வைக்காதே என்றது அது. ஆனால் குடும்பத் தொழிலுக்கு விலக்குக் கொடுத்தது. பதினான்கு நிரம்பியவர்களை, அபாயத் தொழில்கள் என்று பட்டியலிட்டவை தவிர மற்ற வேலைகளில் வைக்கத் தடை இல்லை என்றும் விட்டுவிட்டது.

இரண்டையும் சேர்த்துப் பாருங்கள், தோழர்களே! எந்தப் பிறந்தநாளில் பள்ளிக்கூடத்துக் கதவு சாத்தப்படுகிறதோ, அதே பிறந்தநாளில் வேலைக்கூடத்துக் கதவு திறக்கிறது. இரண்டு கதவுக்கும் நடுவே நிற்கிறான் தரகன். அவனுக்கு நம் தெரு தெரியும். எந்த வீட்டில் கடன், எந்த வீட்டில் தகப்பன் படுக்கையில் கிடக்கிறான், எந்த வீட்டில் பெண் பெரியவளாகிவிட்டாள், எல்லாம் தெரியும். மேற்கு ஜில்லாக்களின் நூற்பாலைகளில் 'சுமங்கலித் திட்டம்' என்று நடத்தினார்களே, ஞாபகம் இருக்கிறதா? மூன்று வருஷம் ஆலை விடுதியில் அடைந்து வேலை செய், முடிவில் கல்யாணச் செலவுக்கு மொத்தப் பணம் என்று ஆசை காட்டி, தெற்கு ஜில்லாக் கிராமங்களிலிருந்து வளரிளம் பெண்களை வண்டி வண்டியாகக் கொண்டுபோனார்கள். அந்தப் பெண்களின் வீட்டு நிலைமை தரகனுக்குத் தெரிந்திருந்தது, பள்ளிக்கூடத்துக்குத் தெரிந்திருக்கவில்லை. ஏன்? தரகனுக்குத் தலைக்கு இவ்வளவு என்று கமிஷன் உண்டு. பிள்ளையைத் தேடி வீட்டுக்குப் போகப் பள்ளிக்கூடத்தில் ஒரு பதவியே கிடையாது! பிள்ளையைப் பள்ளியிலிருந்து பிடுங்குவதற்குக் கூலி கொடுத்து ஆள் வைக்கிறது முதலாளித்துவம். பிள்ளையைப் பள்ளியில் பிடித்து வைக்கக் கூலி கொடுத்து ஆள் வைக்கச் சர்க்காருக்கு மனம் இல்லை.

நாங்குநேரியின் ரத்தம்

பசியும் வறுமையும் ஒரு பக்கம். சாதி இன்னொரு பக்கம்.

2023 ஆகஸ்டில் நெல்லை ஜில்லா நாங்குநேரியில் நடந்ததை நாடு மறந்திருக்க முடியாது. பன்னிரண்டாம் வகுப்பு படித்த ஒரு தலித் மாணவனை, கூடப் படித்த ஆதிக்க சாதிப் பிள்ளைகள் சாதியின் பேரால் துன்புறுத்தினார்கள். பொறுக்க முடியாமல் அவன் சில நாள் பள்ளிக்கே போகவில்லை. ஆசிரியர்கள் அழைத்துக் கேட்டபோது நடந்ததைச் சொன்னான். சொன்ன பிறகு, இரவில் அரிவாளோடு வீடு புகுந்து அவனை வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கையையும் வெட்டினார்கள்.

இதிலிருந்து நாம் கற்க வேண்டியது என்ன? பிள்ளை வாய் திறந்து சொல்லுவது மட்டும் போதாது. சொன்ன பிள்ளைக்குப் பாதுகாப்பு வேண்டும். புகாரை யார் காதில் போடுவது, யார் காதில் போடக் கூடாது, எந்தப் பெற்றோரை முதலில் பார்ப்பது, போலீசுக்கு எப்போது சொல்லுவது, பிள்ளையை அன்று இரவு எங்கே வைப்பது என்பதெல்லாம் பயிற்சி வேண்டிய வேலை. மெஷினில் நூல் அறுந்தால் யார் வேண்டுமானாலும் கை வைப்பதில்லையே! வேலை தெரிந்த கை வேண்டும் என்கிறோம். பிள்ளையின் உயிர் நூலைவிட மலிவா?

வெட்டிய கைகளும் பள்ளிப் பிள்ளைகளின் கைகள்தாம். அந்தக் கைகளில் சாதிக்கு ஒரு நிறத்தில் கயிறு கட்டிவிட்டது யார்? ஊரில் இருக்கிற பெரியவர்கள். அந்தக் கயிறுகளைத் தடுக்க 2019இல் பள்ளிக் கல்வி இயக்குநர் ஒரு சுற்றறிக்கை விட்டார். உடனே எதிர்ப்புக் கிளம்பியது. அன்றைய கல்வி அமைச்சர் அந்தச் சுற்றறிக்கை தம் கவனத்துக்கு வராமல் போனது என்று சொல்லிக் கையைக் கழுவினார். நான்கு வருஷம் கழித்து நாங்குநேரி!

எழுபது ஆண்டுச் சிபாரிசுகள்

ரத்தம் சிந்திய பிறகு சர்க்கார் ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் ஒரு நபர் கமிட்டி போட்டது. 2024 ஜூனில் அவர் அறிக்கை கொடுத்தார். ஐந்நூறு மாணவருக்கு மேல் படிக்கும் ஒவ்வொரு உயர்நிலைப் பள்ளியிலும் ஒரு பள்ளி நல அதிகாரியை நியமிக்க வேண்டும் என்று அதில் எழுதினார். ராகிங், போதைப் பொருள், பாலியல் தொல்லை, சாதிப் பாகுபாடு ஆகியவற்றைக் கவனிப்பது அவர் வேலை. இதைத்தான் நாமும் கேட்கிறோம். ஐந்நூறு பேர் இல்லாத கிராமத்து ஹைஸ்கூலுக்கும் சேர்த்துக் கேட்கிறோம். அங்கேதான் விவசாயத் தொழிலாளியின் பிள்ளை படிக்கிறது.

அந்தச் சிபாரிசாவது புதிதா? இல்லை. 1953இல் சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் ஏ.லட்சுமணசாமி முதலியார் தலைமையில் அமைந்த இடைநிலைக் கல்விக் கமிஷன், பள்ளிகளுக்குப் பயிற்சி பெற்ற வழிகாட்டும் அதிகாரிகள் வேண்டும், பிள்ளைகளுக்கு ஒழுங்கான மருத்துவப் பரிசோதனை வேண்டும் என்று எழுதியது. 1966இல் கோத்தாரி கமிஷன், குறைந்தபட்சம் பத்து உயர்நிலைப் பள்ளிக்கு ஒரு ஆலோசகராவது போகட்டும் என்று எழுதியது.

தமிழ்நாட்டில் சர்க்கார் உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகள் ஆறாயிரத்துக்கு மேல் இருக்கின்றன. கோத்தாரி கணக்கு அரைப்பட்டினிக் கணக்கு. அதன்படி பார்த்தாலே அறுநூறு ஆலோசகர்கள் வேண்டும். 2013இல் நடமாடும் ஆலோசனை மையம் என்று சர்க்கார் அனுப்பிய வண்டிகள் எத்தனை? பத்து! அன்றைக்கு இருந்த 32 ஜில்லாவுக்கும் சேர்த்துப் பத்து வண்டி. தேர்த் திருவிழாவுக்கு வருவதுபோல் வருஷத்தில் ஒருநாள் வண்டி வந்து நின்றால், முன்பின் தெரியாதவரிடம் எந்தப் பிள்ளை போய்த் தன் மனத்திலிருப்பதைச் சொல்லும்?

இப்போது உச்சநீதிமன்றமே சொல்லிவிட்டது. விசாகப்பட்டினத்தில் மருத்துவ நுழைவுத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த ஒரு மாணவி 2023இல் இறந்துபோன வழக்கில், 2025 ஜூலை 25ஆம் தேதி அது தீர்ப்பளித்தது. நூறு மாணவரும் அதற்கு மேலும் உள்ள எல்லாக் கல்வி நிலையங்களும், தகுதி பெற்ற ஆலோசகர் அல்லது மனநல நிபுணர் அல்லது சமூகப் பணியாளர் ஒருவரையாவது நியமிக்க வேண்டும் என்றது. அதற்கும் குறைவான பள்ளிகள் வெளியே இருக்கும் மனநல நிபுணர்களோடு முறையான தொடர்பு வைக்க வேண்டும் என்றது. சட்டம் வருகிற வரை இதுவே கட்டுப்படுத்தும் என்றும் சொன்னது.

1953, 1966, 2024, 2025. அறிக்கைகளும் தீர்ப்பும் சேர்ந்து நான்கு. எழுபது வருஷத்துக்கு மேல் ஓடிவிட்டது. உங்கள் ஊர் ஹைஸ்கூலுக்குப் போய்ப் பாருங்கள். கழிப்பறைக்குப் பக்கத்தில் சுவரில் ஒரு பெட்டி தொங்கலாம். ஒரு போன் நம்பர் எழுதியிருக்கலாம். அந்த வேலைக்கென்றே நியமனம் பெற்ற ஆள் ஒருவர் உட்கார்ந்திருக்கிறாரா?

ஆனால் பணக்காரப் பிள்ளைகள் படிக்கும் மத்திய வாரியப் பள்ளிகளுக்கு, ஆலோசகர் இருந்தால்தான் அங்கீகாரம் என்று விதியே இருக்கிறது. கார் வைத்திருப்பவர் பிள்ளைக்கு ஆலோசகர். கால்நடையாக வரும் பிள்ளைக்குச் சுவரில் பெட்டி. இது எந்த ஊர் நியாயம்?

"வாத்தியாரே பார்த்துக்கொள்ளட்டும்"

"வகுப்பாசிரியர் எதற்கு இருக்கிறார்? குரு என்றால் தாய் தகப்பனுக்குச் சமம் அல்லவா?" என்று சிலர் இனிக்க இனிக்கப் பேசுவார்கள். வாத்தியாரைத் தெய்வம் என்று சொல்லிவிட்டுத் தெய்வத்தின் தலையில் மூட்டை ஏற்றுகிற வித்தை இது!

பாடம் நடத்த வேண்டும், நோட்டுத் திருத்த வேண்டும், உதவித்தொகைப் படிவம் நிரப்ப வேண்டும், இலவசப் பொருள்களுக்குக் கணக்கு எழுத வேண்டும், தேர்தல் வந்தால் வாக்குச்சாவடிக்குப் போக வேண்டும், சென்சஸ் வந்தால் வீடு வீடாகத் திரிய வேண்டும். இதற்கு மேல் நாற்பது பிள்ளைகளின் கண்ணீரையும் துடைக்க வேண்டும் என்றால் நடக்கிற காரியமா? எத்தனையோ நல்ல வாத்தியார்கள், டீச்சர்கள் தங்கள் சொந்தக் காசில் பிள்ளைக்கு டிபன் வாங்கிக் கொடுக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமையில் வீடு தேடி வருகிறார்கள். அவர்களைக் கும்பிடுகிறோம். ஆனால் நல்லவர்களின் தயவில் ஓட வேண்டிய காரியம் அல்ல இது. அந்த டீச்சருக்கு மாற்றல் வந்தால் பிள்ளை மறுபடி அநாதை.

இங்கிலாந்து நாட்டு உயர்நிலைப் பள்ளிகளில் இதை வேலையாகவே பிரித்துக் கொடுத்திருக்கிறார்கள். ஒவ்வொரு வகுப்புக்கும் ஒரு ஆசிரியர் தினம் காலையில் பிள்ளைகளின் முகத்தைப் பார்க்கிறார். அந்த வருஷத்துப் பிள்ளைகள் எல்லோருக்கும் மேலே ஒரு பொறுப்பாளர் இருக்கிறார். பிள்ளைக்குத் தீங்கு நேரும் என்று தெரிந்தால் யாரிடம் சொல்லுவது என்பதற்கு ஒவ்வொரு பள்ளியிலும் குறிப்பிட்ட ஒருவரை நியமித்திருக்க வேண்டும் என்று சர்க்கார் விதியே வைத்திருக்கிறது. அங்கும் முதலாளித்துவ ஆட்சிதான். சொர்க்கம் ஒன்றும் இல்லை. ஆனாலும் இது ஒரு வேலை, இதற்கு நேரமும் ஆளும் வேண்டும் என்பதையாவது ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.

ஆகவே வாத்தியாருக்கும் நமக்கும் சண்டை மூட்டுகிறவர்களை நம்ப வேண்டாம். வேலைப்பளு தாங்காத வாத்தியாரும், கவனிக்க ஆளில்லாத பிள்ளையும் ஒரே குறையால் வாடுகிறார்கள். ஆள் போடாததே அந்தக் குறை.

பணம் இல்லையாம்!

அடுத்த சாக்கு, பணம். 1956இல் மதிய உணவு போட்டபோதும் பணத்துக்கு எங்கே போவது என்று கேட்டார்கள். 1982இல் சத்துணவின்போதும் அதையே கேட்டார்கள். இரண்டு தடவையும் பணம் வந்தது. 1982இல் சோறு பிள்ளை தட்டுக்கு எப்படி வந்து சேர்ந்தது? அமைப்பாளர், சமையலர், உதவியாளர் என்று ஆள் போட்டார்கள், வந்து சேர்ந்தது. வெறும் அரிசி மூட்டையை வராந்தாவில் இறக்கிவிட்டுச் சுவரில் சுற்றறிக்கை ஒட்டியிருந்தால் ஒரு பிள்ளை வயிறாவது நிரம்பியிருக்குமா? பிள்ளை நலத்துக்கு இன்று வரை அப்படிச் சுற்றறிக்கைதான் ஒட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

சைக்கிள் கொடுத்தார்கள், பஸ் பாஸ் கொடுத்தார்கள், புத்தகமும் பையும் கொடுத்தார்கள். வாங்கிக்கொண்டோம், அது நம் வரிப்பணம். ஆனால் சைக்கிளைக் கொடுத்த கை, அந்தச் சைக்கிள் ஏன் ஒரு மாதமாக வீட்டு வாசலில் சாத்திக் கிடக்கிறது என்று கேட்க ஆள் கொடுக்கவில்லையே!

மத்திய சர்க்காரின் திருவிளையாடலையும் சொல்ல வேண்டும். பி.எம்.ஸ்ரீ திட்டத்தில் தமிழ்நாடு கையெழுத்துப் போட மறுத்ததால், சமக்ர சிக்ஷா திட்டத்தின் கீழ் 2024-25ஆம் ஆண்டுக்கு வர வேண்டிய 2,152 கோடி ரூபாயை டில்லி நிறுத்தி வைத்தது. அரசியல் தகராறை டில்லிக்காரர்கள் தீர்த்துக்கொள்ளப் பிள்ளைகளின் பங்கைப் பிடித்துவைத்தார்கள். அதைக் கண்டிக்கிறோம். அதே சமயத்தில் டில்லியைக் கைகாட்டிவிட்டுக் கோட்டையில் இருப்பவர்கள் தப்பிக்கவும் விடமாட்டோம். 1966ஆம் வருஷச் சிபாரிசுக்கும் டில்லிக்காரன் நேற்று நிறுத்திய பணத்துக்கும் என்ன சம்பந்தம்?

நம் வீட்டுக்குள்ளேயும் ஒரு பேச்சு

இனி நம்மவர்களோடு கொஞ்சம் பேச வேண்டும். "என் பிள்ளைக்கு என்ன பைத்தியமா, ஆலோசகரிடம் போவதற்கு?" என்று கேட்கும் தோழர்கள் உண்டு. கை மெஷினில் சிக்கினால் ஆஸ்பத்திரிக்குப் போகிறோம். அதற்குப் பைத்தியம் என்றா பெயர்? வளருகிற பிள்ளைக்கு மனத்தில் அடிபடுவதும் அப்படித்தான். வீட்டில் சொல்லக் கூசுகிற விஷயங்கள் உண்டு. பஸ்ஸில் ஒருவன் கை வைத்தான் என்பதை, ஆசிரியரே தொட்டுப் பேசினார் என்பதை, எத்தனை பெண்கள் தகப்பனிடம் சொல்லுவார்கள்? சொன்னால் "நாளையிலிருந்து பள்ளிக்கூடம் வேண்டாம்" என்று படிப்பை நிறுத்துவோமோ என்றுதானே பயப்படுகிறார்கள்! குற்றம் செய்தவன் வேலையில் இருப்பான்; பிள்ளையின் படிப்பு மட்டும் போகும். 2012ஆம் ஆண்டுப் போக்சோ சட்டப்படி, தனக்குக் கீழே வேலை செய்பவன் செய்த குற்றத்தை நிறுவனத் தலைவர் மறைத்தால் அவருக்கு ஓராண்டு வரை சிறை. இது எத்தனை வீட்டுக்குத் தெரியும்?

இன்னொன்று. சங்கத்தில் ஒரே கொடியின் கீழே நிற்கிறோம். வீட்டுக்குப் போய் மகன் கையில் சாதிக் கயிறு கட்டினால் அந்தக் கொடிக்கு என்ன அர்த்தம்? கூலி உயர்வுக்குச் சேர்ந்து முழங்கிவிட்டு, பையன் "அவங்க பையனோடு சேரமாட்டேன்" என்று சொல்லும்போது சும்மா இருப்பதா? குடிக்கிற கூலியில் பாதி பிள்ளையின் தூக்கம் என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். சர்க்காரைக் கேள்வி கேட்கிற வாய்க்கு வீட்டிலும் வேலை இருக்கிறது.

கேட்பது இதுதான்

நம் கோரிக்கைகள் தெளிவானவை.

ஒவ்வொரு சர்க்கார் உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிக்கும் பயிற்சி பெற்ற நல அதிகாரி ஒருவர் வேண்டும். நூறு பிள்ளைக்கு மேல் இருந்தாலே வேண்டும். தொகுப்பூதியம், காண்டிராக்ட் என்று ஏமாற்றக் கூடாது. நிரந்தர வேலை, நியாயச் சம்பளம் வேண்டும். சத்துணவு ஊழியருக்குச் செய்த அநியாயத்தை இன்னொரு முறை செய்ய விடமாட்டோம்.

ஒரு பிள்ளை தொடர்ந்து ஒரு வாரம் வராவிட்டால், அந்த அதிகாரி வீட்டுக்கு வந்து பார்ப்பது கட்டாயம் ஆக வேண்டும். பெயரை அடிப்பதற்கு முன் காரணத்தை எழுத வேண்டும்.

காலை உணவும் மதிய உணவும் பன்னிரண்டாம் வகுப்பு வரை வேண்டும். விடுதி உணவுப் படி விலைவாசியோடு உயர வேண்டும்.

கல்வி உரிமை பதினெட்டு வயது வரை நீள வேண்டும். பதினான்கு வயசில் தரகனுக்குத் திறந்து விட்ட கதவைச் சாத்த வேண்டும்.

கேட்டால் கொடுத்துவிடுவார்களா? எழுபது வருஷமாக அறிஞர்கள் மரியாதையாகக் கேட்டார்கள், கிடைக்கவில்லை. இனி கேட்க வேண்டியவர்கள் நாம். கல்வி உரிமைச் சட்டத்தின் 21ஆம் பிரிவுப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர். மொத்தத்தில் பாதிப்பேர் பெண்கள். தலைமையாசிரியர் நீட்டுகிற நோட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு டீ குடித்துத் திரும்புவதற்கா அந்தக் குழு? நடவுக்குப் போகிற பெண்கள் சேர்ந்து ஒருநாள் உள்ளே போய் உட்காருங்கள். "இந்த வருஷம் பெயர் மறைந்த பிள்ளைகள் யார் யார்? ஏன்? யார் போய்ப் பார்த்தார்கள்?" என்று மூன்று கேள்வி கேளுங்கள். பதிலை நோட்டில் எழுத வையுங்கள்.

ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாள்களில் கிராம சபை கூடுகிறது. நம் ஹைஸ்கூலுக்கு நல அதிகாரி வேண்டும் என்று அங்கே தீர்மானம் போடுங்கள். உச்சநீதிமன்றத் தீர்ப்பின் தேதியையும் அதில் எழுதுங்கள். மில் தொழிலாளித் தோழர்கள் போனஸ் கோரிக்கையோடு இதையும் சங்கத்தின் மகஜரில் சேர்க்கட்டும். எந்தப் பிள்ளைக்காவது ஆபத்து என்று கண்டால் 1098 என்ற எண்ணுக்கு உடனே போன் செய்யுங்கள். அது இலவசம், எந்த நேரமும் கூப்பிடலாம்.

பள்ளிக்கூடத்துப் பதிவேட்டில் நம் பிள்ளையின் பெயர் மேலே விழுகிற அந்தக் கோட்டை இனி கேள்வி கேட்காமல் விடக் கூடாது. இந்த வாரமே உங்கள் தெருவில் படிப்பை நிறுத்திய பிள்ளைகளின் கணக்கை எடுங்கள். அந்தக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு பள்ளிக்கூடத்து வாசலுக்குப் போவோம், வாருங்கள்!